மனம் திறக்கும் பிள்ளைக்கு நல்ல துணை

“உடம்பால் நான் ஆண் பிள்ளை, மனத்தால் அப்படி உணரவில்லை” என்று வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால் என்ன நடக்கும்? அடி விழும். அல்லது விபூதி மந்திரிப்பார்கள். அல்லது கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். இவை பிள்ளையின் வாயை அடைக்கும், மனக்குழப்பத்தைத் தீர்க்கமாட்டா.

இது மனநோயா? அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், இதனை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. ஆயினும் பயமும் தனிமையும் தூக்கமின்மையும் பிள்ளையை வாட்டலாம். அதற்குத்தான் மனநல ஆலோசகர் தேவை.

நல்ல ஆலோசகர் “நீ இன்னார்” என்று தீர்ப்புக் கூறமாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். பிள்ளை தன்னைத் தானே அறிந்துகொள்ளும்வரை பொறுமையாகக் கேட்பார். லயத்தில் ஒரு வீட்டுச் செய்தி விடிவதற்குள் பெரட்டுக்கு வந்துவிடும். ஆலோசகரிடம் சொன்னதோ, உயிருக்கு ஆபத்து போன்ற நிலை இருந்தாலன்றி, வெளியே போகக்கூடாது. “மாற்றிக் காட்டுகிறேன்” என்று வாக்களிப்பவரை விட்டு விலகுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதுபற்றிய புரிதல் போதாது என்று கூறி, தாமே மனநல ஆலோசகரிடம் சென்று தெளிவு பெற்றார். 2021 ஜூனில், திருநங்கை, திருநம்பியரையும் சேர்த்து, இத்தகையோரை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை விதித்தார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால், நாம் கேட்பதில் என்ன வெட்கம்?

எங்கே போவது? பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லிக் கடிதம் பெற்றால், சுங்கைப்பட்டாணி அல்லது அலோர்ஸ்டார் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். “பதிவு உண்டா? இத்தகைய பிள்ளைகளுடன் பேசிய அனுபவம் உண்டா?” என்று முதலிலேயே கேளுங்கள். ஒருவர் ஏசினால், குறை பிள்ளையிடம் இல்லை. வேறொருவரைத் தேடுங்கள்.

பஸ்ஸில் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். பேச்சு முடியும்வரை வெளியே காத்திருங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று மட்டும் துருவாதீர்கள்.