கெர்னலை எந்த மொழியில் எழுதுவது?

பொங்கலுக்குக் கன்னிவாடி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதலாம்னு இருக்கோம். சி-யா, ரஸ்ட்டா? ஒருத்தன் பைத்தான்லயே எழுதலாங்கிறான்." கையில் இருப்பது ஒரே செமஸ்டர். மொழியைத் தப்பாத் தேர்ந்தெடுத்தால் ப்ராஜெக்ட் பாதியில் நிற்கும். அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பைத்தானை முதலில் முடித்துவிடலாம். பைத்தான் நிரலை ஓட்ட ஒரு இன்டர்ப்ரெட்டர் வேண்டும். அதற்கு மெமரி ஒதுக்கித் தரவும் கோப்பைத் திறந்து தரவும் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். நாம எழுதப் போறதே அதைத்தானே! மைக்ரோபைத்தான் மாதிரி வெறும் சிப்பில் ஓடுபவையும் உண்டு. ஆனால் அதன் அடியில் இருப்பது சி.

சி-க்குக்கூட ஒரு ஸ்டாக் தயாராக இருந்தாக வேண்டும். எம்ஐடி-யின் பாட கெர்னலான எக்ஸ்வி6-ஐத் திறந்து பாருங்கள். (ஐஐடி மெட்ராஸின் செஸ்டர் ரெபெய்ரோ என்பிடெல்லில் நடத்திய பாடமும் இதை வைத்துத்தான்.) ரிஸ்க்-வி பதிப்பின் முதல் சில வரிகள் அசெம்ப்ளி. ஒவ்வொரு சிபியூவுக்கும் 4096 பைட் ஸ்டாக் அமைத்துக் கொடுத்த பிறகுதான் சி-க்குள் நுழைகிறது. ஒரு ப்ராசஸை விட்டு இன்னொன்றுக்கு மாறும் இடத்திலும் அசெம்ப்ளிதான்: 14 ரெஜிஸ்டர்களைச் சேமித்துவிட்டு, அடுத்தவருடைய 14 மதிப்புகளை ஏற்றுகிறது. எந்த மொழியை எடுத்தாலும் இந்தத் துளி அசெம்ப்ளி கூடவே வரும்.

சி ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு பொருந்துகிறது? இந்த வேலைக்காகவே வளர்ந்த மொழி அது. 1972-ல் கென் தாம்ப்சன் யூனிக்ஸை சி-யில் எழுதிப் பார்த்துக் கைவிட்டார். அப்போது சி-யில் ஸ்ட்ரக்ட் கிடையாது. ஸ்ட்ரக்ட் வந்த பிறகு, 1973-ல், கெர்னல் சி-க்கு மாறியது.

இப்போது என் சொந்தக் கதை. சில வருஷம் முன்னால் எக்ஸ்வி6-ஐ ஒட்டி சி-யில் ஒரு குட்டி கெர்னல் எழுதினேன். ஒரே மெமரிப் பக்கத்தைப் பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும். எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். அது பூஜ்யமானால் பக்கத்தை விடுவிக்கலாம். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒரு ப்ராசஸ் எழுதியது இன்னொன்றின் உள்ளே தெரிய ஆரம்பித்தது. அதுவும் எப்போதாவது மட்டும். மூன்று வார இறுதிகள் போயின.

தப்பு இதுதான். எண்ணிக்கை 2 என்று இருக்கும்போது இரண்டு சிபியூக்கள் ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஆளுக்கு ஒன்று கூட்டி, 3 என்று எழுதிவிட்டன. வரவேண்டியது 4. கடைசி ஆள் இன்னும் வைத்திருக்கும்போதே பக்கம் விடுவிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விட்டது. நான் லாக் போட மறந்திருந்தேன். திண்டுக்கல் பக்கத்துக்காரன் பூட்டுப் போட மறந்தால் நண்பர்கள் சும்மா விடுவார்களா?

இன்னொரு வெட்கக்கேடு: எக்ஸ்வி6 பக்கத்தை விடுவிக்கும்போது அதன் 4096 பைட்டிலும் 1 என்று நிரப்பிவிடும். யாராவது பழைய பக்கத்தைத் தொட்டால் சீக்கிரமே அடிபடட்டும் என்றுதான். வேகமா இருக்கட்டுமேன்னு அந்த வரியை நான் நீக்கியிருந்தேன்.

சி-யில் லாக் ஒரு பக்கம், தரவு ஒரு பக்கம். இரண்டுக்கும் உறவு உண்டு என்பது கம்பைலருக்குத் தெரியாது. ரஸ்ட்டில் மியூடெக்ஸ் தரவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எண்ணிக்கையை அதற்குள் வைத்துவிட்டால், லாக்கை எடுக்காமல் தொடும் நிரல் கம்பைலே ஆகாது. ஆனால் பேஜ் டேபிளில் இருப்பது வெறும் முகவரி எண். அது யாருடையது என்று ரஸ்ட்டுக்கும் தெரியாது. அங்கே 'அன்சேஃப்' என்று எழுதி, பொறுப்பை நாமே ஏற்க வேண்டும். தப்பே வராது என்று யாரும் சொல்ல முடியாது, தேட வேண்டிய இடம் சுருங்குகிறது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

குப்பை சேகரிப்பு உள்ள மொழியில் முடியாதா என்றால், முடியும். எம்ஐடி-யில் 'பிஸ்கட்' என்ற கெர்னலை கோ மொழியில் எழுதி 2018-ல் அளந்து பார்த்தார்கள். ஒரே மாதிரி எழுதிய சி நிரலைவிட 5 முதல் 15 சதவீதம் வேகம் குறைந்தது. நான் பயந்திருந்ததைவிடக் குறைவுதான்.

நம் நாட்டில் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழுவதில்லை. சென்னை சி-டாக்கின் பாஸ், டெபியன் லினக்ஸ் மேல் நிற்பது. மொழி அதனோடு வந்துவிட்டது. ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸரில் சிப்பைப் புதிதாக வடித்ததால் ப்ளூஸ்பெக் என்ற மொழியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதன் மேல் ஓடிய லினக்ஸோ சி-தான். அந்த லினக்ஸுக்குள்ளும் 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில், ரஸ்ட் நுழைந்துவிட்டது.

அண்ணன் மகனிடம் சொன்னது இது: முழுசா ரஸ்ட்டில் ஆரம்பித்தால் மொழியைப் படிக்கவே செமஸ்டர் சரியாப் போயிடும். எக்ஸ்வி6-ஐ சி-யிலேயே படி. மெமரிப் பக்கங்களை ஒதுக்கும் பகுதியை மட்டும் ரஸ்ட்டில் திருப்பி எழுதி, சி-யோடு இணை.

போன வாரம் போன் பண்ணினான். "கம்பைலர் திட்டிக்கிட்டே இருக்கு சித்தப்பா."

எந்த வரியில் என்று கேட்டேன். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் வரியில்.