காத்திருக்கும் நாட்கள் இருவருக்கும் உரியவை

சிறுநீரக மருத்துவப் பிரிவில் நாங்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. “கொடுப்பதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார். மனமுவந்து சம்மதமும் சொல்லிவிட்டார். இரத்த வகையும் பொருந்துகிறது. பிறகு ஏன் டாக்டர் இத்தனை தாமதம்?” வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்திருக்கும் ஒருவர் இவ்வாறு கேட்பது முற்றிலும் இயல்பு. தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய வாழ்க்கையில் ஒரு வாரமும் நீண்ட காலமாகவே தோன்றும்.

உயிருடன் இருக்கும் உறவினர் ஒருவரிடமிருந்து சிறுநீரகம் பெறுவதற்கு முன்னால் சில வாரங்களோ சில மாதங்களோ கழிகின்றன. அந்தக் காலத்தில் என்ன நடக்கிறது, அது யாருக்காக நடக்கிறது என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருந்தால் காத்திருப்பின் பாரம் ஓரளவு குறையும். அதில் பெரும்பகுதி, சிறுநீரகம் பெறுபவரைவிடக் கொடுப்பவரைக் காப்பதற்காகவே செலவாகிறது.

நலமாக இருப்பவருக்கு ஓர் அறுவை

ஏறத்தாழ எல்லா அறுவை சிகிச்சைகளும் நோயுற்றவரின் உடலில் அவருடைய நன்மைக்காகவே செய்யப்படுகின்றன. சிறுநீரகக் கொடை அதற்கு விலக்கு. அறுவை அரங்குக்கு நடந்து வருபவர் நலமானவர். அந்த அறுவையால் அவருடைய உடலுக்கு எந்தப் பயனும் இல்லை.

இந்தச் சிக்கலைத் தொடக்க காலத்தில் எதிர்கொண்டவர்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களும் அடங்குவர். 1954 டிசம்பர் 23 அன்று, பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மர்ரி தலைமையிலான அறுவைக் குழு, ரொனால்டு ஹெரிக் என்ற இளைஞரின் சிறுநீரகத்தை அவருடைய ஒத்த இரட்டையரான ரிச்சர்டுக்குப் பொருத்தியது. நெடுநாள் நீடித்த பலன் தந்த முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை அதுவே. அப்போதும் காத்திருப்பு இருந்தது. இருவரும் உண்மையிலேயே ஒத்த இரட்டையர்தாமா என்பதை உறுதி செய்ய, ஒருவருடைய தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்து, அது நிலைக்கிறதா என்று கவனித்த பின்னரே மருத்துவர்கள் மேலே சென்றார்கள்.

அறுவைக்கு முந்தைய இரவில், நோயாளியான ரிச்சர்டு தம் சகோதரருக்கு ஒரு சீட்டு அனுப்பினார். இதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடு என்பது அதன் கருத்து. தாம் இங்கேயே இருக்கப்போவதாக ரொனால்டு பதில் அனுப்பினார். ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒற்றைச் சிறுநீரகத்துடன் வாழ்ந்த ரொனால்டு 2010ஆம் ஆண்டு இறுதியில், தம் 79ஆம் வயதில் காலமானார். ஜோசப் மர்ரிக்கு 1990இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் இச்சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றிகரமாக நிகழ்ந்தது.

அந்தச் சீட்டை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கடைசி இரவிலும் விலகிக்கொள்ளும் உரிமை கொடுப்பவருக்கு இருந்தது. அந்த உரிமையை அவருக்கு நினைவூட்டியவர், அவருடைய சிறுநீரகம் இல்லாவிட்டால் பிழைக்க வழியில்லாத நோயாளி.

பரிசோதனைகள் எதற்காக?

கொடையாளருக்குச் செய்யும் பரிசோதனைகள் நீளமான பட்டியல். இரத்த வகை, திசுப் பொருத்தம், ‘கிராஸ்மேட்ச்’ என்னும் எதிர்ப்பொருள் சோதனை ஆகியவை நோயாளியின் உடல் அந்தச் சிறுநீரகத்தை ஏற்குமா என்பதைக் காட்டுபவை. மற்றவற்றில் பெரும்பாலானவை கொடுப்பவரின் நலனுக்கானவை. சர்க்கரை நோயோ, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ மறைந்திருக்கிறதா, சிறுநீரில் புரதம் கசிகிறதா, இதயமும் நுரையீரலும் அறுவையைத் தாங்குமா, மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., காசநோய் போன்ற தொற்றுகள் உண்டா என்று பார்க்கிறோம். பரம்பரையாகச் சிறுநீரக நோய் வரும் குடும்பம் என்றால், அதே நோய் கொடையாளரிடமும் தொடங்கியிருக்கிறதா என்று கூடுதலாக ஆராய்கிறோம்.

பின்னர், இரு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை டி.டி.பி.ஏ. ஸ்கேன் மூலம் அளக்கிறோம். இரத்தக் குழாய்களின் அமைப்பை சி.டி. ஆஞ்சியோகிராம் காட்டுகிறது. இரண்டில் ஒன்று மற்றதைவிடச் சிறப்பாக இயங்கினால், அது கொடையாளரிடமே இருக்க வேண்டும் என்பது இத்துறையின் மாறாத விதி.

ஆபத்தே இல்லை என்று எந்தக் கொடையாளரிடமும் நாங்கள் சொல்வதில்லை. கொடை அறுவையால் உயிரிழப்பு நேரும் வாய்ப்பு, உலக அனுபவத்தின்படி, பத்தாயிரத்தில் மூன்று என்ற அளவில் அல்லது அதற்கும் குறைவாகவே உள்ளது. எஞ்சிய சிறுநீரகம் சில மாதங்களில் தன் உழைப்பைக் கூட்டிக்கொண்டு, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைச் செய்யத் தொடங்கும். அன்றாட வாழ்வுக்கு அது போதும். பிற்காலத்தில் சிறுநீரகச் செயலிழப்பு வரும் வாய்ப்பு, கொடுக்காமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிடச் சற்று மிகுதி. ஆயினும் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. இனி குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்கிறோம்.

ஆவணங்களும் சட்டமும்

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் புகைப்படம் என்று நாங்கள் கேட்கும்போது, “சொந்த மனைவி என்பதற்கும் சாட்சி வேண்டுமா?” என்று சிலர் மனம் நொந்துபோகிறார்கள். வறியவர்களின் சிறுநீரகங்கள் விலைக்கு வாங்கப்பட்ட ஒரு காலம் இந்த நாட்டில் இருந்தது. அதைத் தடுக்கவே 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 2011இல் அது திருத்தப்பட்டது. 2014இல் புதிய விதிகள் வந்தன. உறுப்பை விற்பதும் வாங்குவதும் தரகு பேசுவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்கிறது. இவர்கள் அல்லாத ஒருவர் அன்பின் காரணமாகக் கொடுக்க முன்வந்தால், அங்கீகாரக் குழுவின் அனுமதி தேவை. இரு தரப்பிலும் நேர்காணல் உண்டு. அது ஒளிப்பதிவும் செய்யப்படும். ஆவணங்களில் பெயரோ முகவரியோ வேறுபட்டிருந்தால் அதைத் திருத்துவதற்கே பல நாட்கள் போய்விடுகின்றன. பரிசோதனைகள் தொடங்கும் நாளிலேயே ஆவணங்களையும் திரட்டத் தொடங்குங்கள்.

தனியறையில் கேட்கப்படும் கேள்வி

நம் நாட்டில் உயிருடன் இருந்து சிறுநீரகம் கொடுப்போரில் பெண்களே மிகுதி. பெறுவோரில் ஆண்களே மிகுதி. தாய் கொடுக்கிறார், மனைவி கொடுக்கிறார், அக்காளும் தங்கையும் கொடுக்கிறார்கள். இவர்களில் மிகப் பலர் முழு மனத்துடன் கொடுப்பவர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் கட்டாயம் என்பது எப்போதும் அதட்டலாகவே வருவதில்லை. “நீதானே பொருந்துகிறாய்” என்று மாமியார் சொல்லும் ஒரு சொல்லாகவோ, குடும்பமே கூடியிருக்கையில் எல்லோர் பார்வையும் ஒருவர் மீது திரும்பும் ஒரு கணமாகவோ அது வரலாம். அதனால்தான் கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்றும், அவருடைய சுதந்திரமான சம்மதத்தை நோயாளி அல்லாத ஒருவர் உறுதி செய்ய வேண்டும் என்றும் விதிகளே கூறுகின்றன.

ஆணாயினும் பெண்ணாயினும், கொடையாளருடன் நாங்கள் தனியே பேசுகிறோம். நோயாளியோ மற்ற உறவினரோ அப்போது உடனிருப்பதில்லை. மனநல மருத்துவரும் அவரைச் சந்திக்கிறார். அங்கே அவர் தயக்கத்தைச் சொல்லலாம், அழலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். சிறு குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், ஆறு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டுச் செலவு எப்படி நடக்கும் என்ற கவலைகளும் அங்கேதான் வெளிவருகின்றன. இவற்றில் சில தீர்க்கக்கூடியவை. நாள் கொடுத்தால் தீர்ந்தும் விடுகின்றன.

அவர் வேண்டாம் என்றால், அந்தச் செய்தி அந்த அறையை விட்டு வெளியே போவதில்லை. “இவரைக் கொடையாளராக ஏற்க இயலவில்லை” என்று மட்டுமே குடும்பத்தாரிடம் சொல்வோம். சர்க்கரை நோய் காரணமானாலும், இரத்தக் குழாயின் அமைப்பு காரணமானாலும், மனத் தயக்கம் காரணமானாலும் நாங்கள் சொல்லும் வாக்கியம் இது ஒன்றே. எல்லோருக்கும் ஒரே வாக்கியம் என்பதால், அதைக் கொண்டு காரணத்தை யாரும் ஊகிக்க இயலாது. வீட்டுக்குப் போன பின்பும் அவரிடம் காரணத்தைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள்.

இதற்கிடையே நோயாளி செய்ய வேண்டியவை

புதிய சிறுநீரகம் எத்தகைய உடலுக்குள் வருகிறது என்பது இந்த நாட்களில்தான் முடிவாகிறது. டயாலிசிஸ் ஒரு முறையும் தவறக் கூடாது. நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு இடையே எடை ஏறுவது உடலில் நீர் தேங்குவதைக் காட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விலக்குங்கள். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு போன்றவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியது. காய்கறிகளை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமையுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதால் அதையும் வாங்க வேண்டாம்.

ஃபிஸ்டுலா போட்ட கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ விடாதீர்கள். இரத்தம் ஏற்ற வேண்டும் என்று வேறெங்கேனும் சொன்னால், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் எங்களிடம் கேட்டபின் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறருடைய இரத்தத்தால் உடலில் எதிர்ப்பொருட்கள் உருவாகி, பொருந்திய சிறுநீரகமும் பொருந்தாமல் போகக்கூடும். மஞ்சள் காமாலை ‘பி’, நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகளை மாற்று சிகிச்சைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பல் சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். புகைப்பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

பணம் குறித்தும் இப்போதே பேசிவிடுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சை இடம்பெற்றுள்ளது. ஆனால் உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளை, பொருத்திய சிறுநீரகம் இயங்கும் வரை நாள் தவறாமல் உண்ண வேண்டும். அதற்கான மாதச் செலவையும் திட்டமிட வேண்டும்.

கொடையாளர் பொருந்தாவிட்டால்

அத்துடன் வழி அடைபட்டுவிடுவதில்லை. இதே நிலையிலுள்ள மற்றொரு குடும்பத்துடன் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் முறையை 2011ஆம் ஆண்டுத் திருத்தம் நெருங்கிய உறவினர்களுக்கு அனுமதிக்கிறது. இரத்த வகை பொருந்தாத நிலையிலும், தக்க முன்சிகிச்சையுடன் சிலருக்கு மாற்று சிகிச்சை செய்ய இயலும். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெறுகிறது. அவ்வாறு உறுப்பு வழங்கியோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் பதிவு செய்வது குறித்து எங்கள் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

உங்களுக்காக உங்கள் தங்கை பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தால், ஒரு நாள் அவரிடம் நீங்களே இப்படிச் சொல்லுங்கள்: “எப்போது வேண்டாமென்று தோன்றினாலும் நிறுத்திவிடும்மா. நான் ஏனென்று கேட்க மாட்டேன்.” இதைக் கேட்டு ஓரிருவர் விலகக்கூடும். விலகாமல் தொடர்பவர், தம் முடிவு தம்முடையதே என்ற தெளிவுடன் அறுவை அரங்குக்கு வருவார்.

அறுவை முடிந்தபின் கொடையாளர் பெரும்பாலும் சில நாட்களில் வீடு திரும்பிவிடுவார். நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அவர் கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது. குடம் தூக்குவதும் அரிசி மூட்டையை நகர்த்துவதும் இதில் அடங்கும். வீட்டில் எல்லோரும் நோயாளியையே சூழ்ந்து நிற்கும் அந்த வாரங்களில், கொடுத்தவரை உட்காரவைத்துச் சோறு போட ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பிறகு ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகிய மூன்றையும் அவருக்குப் பார்க்க வேண்டும். நீங்கள் மறுபரிசோதனைக்கு வரும் நாட்களில் ஒரு நாளை அவருக்கும் ஒதுக்கி, அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.