சோற்றின் மேல் சுமத்திய பழி

தென்னாட்டிலிருந்து தலைநகருக்குக் குடிவந்த தமிழர் நால்வர் ஓரிடத்தில் கூடினால் முதலில் ஊரைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்து விலைவாசி, மூன்றாவதாக வயிறு. "இங்கே வந்த நாள் முதல் வயிறு சரியில்லை" என்று சொல்லாத தமிழ் வீடு டில்லியில் அருமை. எங்கள் வீடும் அதற்கு விலக்கன்று. சென்ற மார்கழி மாதம் முழுவதும், கணவனும் மனைவியுமாக நாங்கள், எங்கள் வயிற்றின் மேலேயே ஒரு சோதனை நடத்தினோம். மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் ஏறக்குறைய அடியோடு நீக்கி உண்டு பார்த்தோம். அதனால் அடைந்த பயனையும், பட்ட பாட்டையும், முடிவில் தெரிந்துகொண்ட உண்மையையும் சங்கத்து அன்பர்களிடம் ஒளியாமல் கூற விரும்புகிறோம்.

எங்களுள் ஒருவர் இரயில்வே குமாஸ்தா, மற்றவர் இல்லத்தரசி. இருவர் வயிறும் ஒரே வழியில் செல்லவில்லையாதலால், இக்கட்டுரையில் அவற்றைக் குமாஸ்தா வயிறு என்றும் இல்லத்தரசி வயிறு என்றும் பிரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. குமாஸ்தா வயிறு, இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது மத்தளம்போல் உப்பியிருக்கும். இல்லத்தரசி வயிறு காலையில் ஒரு மணி நேரம் இரைந்து, பிசைந்து, வலித்து ஓயும். ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், பெருங்காயம் கரைத்த மோர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றிலும் நிலையான குணம் காணவில்லை.

அப்போதுதான் காரியாலயத்தில் அடுத்த மேசை நண்பர் ஒருவர் உபதேசம் செய்தார். "நீங்கள் மூன்று வேளையும் அரிசி உண்பவர்கள். அரிசி முழுவதும் மாவு. செரியாத மாவு குடலில் புளித்து வாயுவாகிறது. நாரும் அப்படியே. இரண்டையும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்" என்றார். அவர் வைத்தியரல்லர். ஆயினும் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. சிறுகுடலில் செரியாமல் தப்பிய மாவும், மனிதனால் செரிக்க இயலாத நாரும் பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன என்பது மெய்யே.

மாவைக் குறைத்து உண்ணும் யோசனையும் நேற்றுப் பிறந்ததன்று. இலண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் சர்க்கரையையும் விட்டு உடல் பருமனைக் குறைத்துக்கொண்டு, 1863-ல் அதைச் சிறு நூலாகவே வெளியிட்டார். அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர், வயிறு வீங்கி உடல் மெலியும் ஒருவகை நோயுற்ற குழந்தைகளுக்கு மாவை நீக்கி வாழைப்பழத்தை முதன்மையாகக் கொடுத்துக் குணம் கண்டதாக 1924-ல் எழுதினார். முதுகெலும்பு இறுகும் வாதநோய்க்கு மாவு குறைந்த உணவு உதவும் என்று இலண்டனில் ஆலன் எப்ரிங்கர் 1996-ல் எழுதினார். அது இன்றளவும் ஐயமற நிறுவப்படவில்லை. இத்தனை பேர் நடந்த பாதையில் நாங்களும் சிறிது தூரம் நடந்து பார்ப்பதில் தவறென்ன என்று எண்ணினோம்.

மார்கழி முதல் நாள் தொடங்கினோம். சோறு, இட்டலி, தோசை, சப்பாத்தி, ரவை, அவல், உருளைக்கிழங்கு, பருப்பு, பயறு யாவும் விலக்கு. கீரை, பட்டாணி, காலிபிளவர், பழங்கள், வெங்காயம், பூண்டு ஆகியவையும் நாரை முன்னிட்டு விலக்கு. எஞ்சியவை முட்டை, மீன், கோழி, பனீர், தயிர், நெய் முதலியன. காய் என்றால் தோலும் விதையும் போக்கிக் குழைய வேகவைத்த சுரைக்காயும் பூசணியுமே. இல்லத்தரசி தேநீரையும் காபியையும் பாலின்றிப் பருக வேண்டியதாயிற்று; பாலில் மாவும் இல்லை, நாரும் இல்லை என்றாலும், நண்பர் கொடுத்த பட்டியலில் அது இடம்பெறவில்லை. சரக்குப் பதிவேடு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? உண்டது, நேரம், உபாதை என்று மூன்று பத்தி இட்டு ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்தோம்.

மூன்றாம் நாள் இருவருக்கும் தலைவலி. நான்காம் நாள் படி ஏறினால் கால் துவண்டது. ஆறாம் நாள் அதிசயம் நிகழ்ந்தது. குமாஸ்தா வயிறு உப்பவில்லை. இல்லத்தரசி வயிறு இரையவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அமைதி அது. முதல் வாரத்திலேயே எடை இரண்டு கிலோ குறைந்தது. அது கொழுப்புக் கரைந்ததால் என்று மகிழ்ந்தோம். உடலில் சேமித்துள்ள மாவுப்பொருள் தன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதும், சேமிப்புக் கரையும்போது அத்தண்ணீரும் வெளியேறுகிறது என்பதும் பின்னரே தெரிந்தன. குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இரண்டாம் வாரத்தில் கணக்கின் மறுபக்கம் தெரியலாயிற்று. நாரில்லாத உணவால் மலச்சிக்கல் கடுமையாயிற்று. இல்லத்தரசி மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டுமே, அதுவும் வேதனையோடு, வெளிக்குச் செல்லும் நிலை. மளிகையும் முட்டையும் மீனுமாக அடுக்களைச் செலவு வழக்கத்தைப்போல் ஒன்றரை மடங்காயிற்று. விடியற்காலைக் குளிரில் அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து வெண்பொங்கல் தாளிக்கும் மணம் வரும்போது, எங்கள் மேசையில் அவித்த முட்டை ஆறிக்கொண்டிருக்கும். ஆயினும் வயிறு அடங்கியிருக்கிறதே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம். சோறுதான் இத்தனை நாள் எங்களைக் கெடுத்த பகைவன் என்று வீட்டில் பலமுறை வாய்விட்டே சொன்னோம். அந்த வாய்தான் பிசகியது.

பொங்கலுக்குக் குமாஸ்தாவின் தாயார், சொந்த நிலத்து அரிசி பத்துக் கிலோவும் மண்டை வெல்லமும் கட்டிக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து சேர்ந்தார். பொங்கலன்று பானை வைத்து, பால் பொங்கி, இலை போட்டார். நாங்கள் இருவரும் தயங்கி நின்றோம். எட்டு வயது மகள் தன் இலையை அப்பால் தள்ளிவிட்டு, "அரிசி உடம்புக்குக் கெடுதி, பாட்டி. அப்பாவும் அம்மாவும் அதனால்தான் தின்பதில்லை" என்றாள். விசாரித்ததில், இரண்டு வாரமாகவே பள்ளிக்குக் கொண்டுசென்ற சாம்பார் சாதத்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறாள். டப்பா காலியாக வந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

தாயார் கோபிக்கவில்லை. "பெரியவர்கள் நீங்கள் தின்னுங்கள், தின்னாமல் கிடங்கள். வளருகிற குழந்தையின் இலையில் ஏனடா கை வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் விடை இல்லை. இருபத்தொன்பது நாள் நோட்டுப் புத்தகத்தில் எங்கள் வயிற்றைப் பற்றி எழுதினோமேயன்றி, அவள் வயிற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

அன்று குழந்தையின் எதிரில் இருவரும் பொங்கல் உண்டோம். உபாதைக்குக் காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. மறுநாள் வெறும் சோறும் நெய்யும் உப்பும், ஒன்றுமில்லை. ஒரு வாரம் இருவேளையும் சோறு உண்டோம். வயிறு அசையவில்லை. அப்படியானால் ஒரு மாதமாக யாரை வீட்டை விட்டு விரட்டி வைத்திருந்தோம்?

முதலிலேயே போயிருக்க வேண்டிய இடத்துக்கு அப்போதுதான் போனோம். மருத்துவர் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையாகப் பார்த்தார். "கோதுமையை நிறுத்துவதற்கு முன் இரத்தம் சோதித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிலரது குடலைப் புண்படுத்தும். அது சீலியாக் நோய். வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு உண்டு. தென்னாட்டில் மிகக் குறைவு. கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது சோதித்தால்தான் இரத்தத்தில் அதன் அடையாளம் தெரியும். நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோயிருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். ஆகவே எங்களை மீண்டும் ஆறு வாரம் நாள்தோறும் சப்பாத்தி உண்ணச் செய்து, பிறகு சோதித்தார். நல்ல வேளையாக இருவருக்கும் அந்நோய் இல்லை. அதன்பின், விலக்கிய பொருள்களை ஒவ்வொன்றாக, மூன்று நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

குற்றவாளிகள் ஒவ்வொருவராக அகப்பட்டனர். குமாஸ்தா வயிற்றைக் கெடுத்தவை இரவு வேலையின்போது வெளியில் உண்ட ராஜ்மா, பச்சை வெங்காயம், குளிர்காலத்துக் காலிபிளவர் ஆகியவை. சப்பாத்தி இரண்டு என்றால் சமாதானம். ஐந்து என்றால் கலகம். இல்லத்தரசி வயிற்றுக்கோ இவை எதுவும் பகையில்லை. காலையில் அருந்தும் ஒரு பெரிய குவளைப் பாலே அதன் பகை. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் வயது வந்த தென்னிந்தியர் பலருக்குக் குறைவு. வடக்கே உள்ளவர்களுக்கு அவ்வளவில்லை. தயிராகும்போது அச்சர்க்கரையின் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுவதால் மோரும் தயிரும் அவருக்கு ஒத்துக்கொண்டன. பாலும் பனீரும் மலிந்த ஊருக்கு வந்து, ஊரோடு ஒத்து வாழ முயன்றதன் பலன் அது!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலைப் பார்த்தபோது எங்கள் அறியாமை இன்னும் விளங்கிற்று. 100 கிராம் தீட்டிய அரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. கோதுமை ஆட்டாவில் சுமார் 11 கிராம்; கடலைப் பருப்பில் சுமார் 15; ராஜ்மாவில் சுமார் 16. நாரைக் கண்டு அஞ்சியவர்கள் நார் மிகக் குறைந்த தானியத்தையே முதலில் விலக்கினோம். மாவைப் பொறுத்தும் அப்படியே. தானிய மாவுகளுள் சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுவதும் செரித்து, வாயுவை மிகக் குறைவாக உண்டாக்குவது வெள்ளை அரிசிதான். ஆறிய சோற்றிலும் பழையதிலும் மாவின் ஒரு சிறு பகுதி செரிக்கக் கடினமாக இறுகுவதுண்டு. சூடான சோற்றில் அதுவும் சொற்பம். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 முதல் பரப்பிவரும் ஃபாட்மேப் என்ற உணவுமுறை, எளிதில் புளிக்கும் சில சர்க்கரைப் பொருள்களை மட்டும் சில வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. அதில் கோதுமை, வெங்காயம், பூண்டு, ராஜ்மா, பால் யாவும் விலக்குப் பட்டியலில் உள்ளன. அரிசி அனுமதிப் பட்டியலில் உள்ளது.

மேலே சொன்ன சிட்னி ஹாஸின் கதைக்கும் ஒரு பிற்பகுதி உண்டு. அவர் மாவு முழுவதையும் குற்றம் சாட்டினார். ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே, 1950-ல் அளித்த ஆராய்ச்சியில், அக்குழந்தைகளைக் கெடுத்தது மாவன்று, கோதுமை முதலிய சில தானியங்களே என்று காட்டினார். அரிசியும் உருளைக்கிழங்கும் குற்றமற்றவை என விடுதலை பெற்றன. அங்கே கூட்டத்தோடு பழி சுமத்தியதைப் போலவே நாங்களும் இங்கே செய்தோம்.

இதனால் அரிசியை அளவின்றி உண்ணலாம் என்று சொல்ல வரவில்லை. தானியங்களிலிருந்து பெறும் சக்தி நாளொன்றின் மொத்தத்தில் 45 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்பது அதே நிறுவனம் 2024-ல் கூறிய அறிவுரை. நீரிழிவுள்ளவர் சோற்றைக் குறைப்பது வேறு கதை. அவர்கள் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டே மாவைத் திடீரென நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழக்கூடும். நார் நீக்கிய உணவும் குடல் சோதனைக்கு முன்பும், குடல் சுருங்கிய நோயிலும், சில அறுவைகளுக்குப் பின்பும் மருத்துவர் சொல்லும் காலத்துக்கு மட்டும் உரியது. காரணமின்றி எடை குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், சோகையோ காய்ச்சலோ சேர்ந்திருந்தாலும், வயிற்று வலி இரவில் உறக்கத்தைக் கலைத்தாலும், உணவை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தலாகாது. குழந்தை காது கேட்க உணவைப் பழிக்கவும் கூடாது. இதைப் பட்டறிந்து சொல்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் மறுபடியும் சோறு வடிகிறது. குமாஸ்தா இரவு வேலைக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகிறார். இல்லத்தரசி கடுங்காப்பி பழகிவிட்டார். மகளின் மனம் மாறத்தான் நாளாயிற்று. பல வாரம், "இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டுவிட்டே ஒவ்வொரு கவளத்தையும் எடுத்தாள். சித்திரை பிறந்தபின் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, டப்பாவை நீட்டி, "இன்று யாருக்கும் கொடுக்கவில்லை, நானே தின்றேன்" என்றாள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதையும் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறோம்.