சாரல் காற்றும் சாளரத் திரையும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் அண்மைக் காலத்தில் எழும் வீடுகள் சிலவற்றிலும், சாரல் பருவத்தை நம்பிக் கட்டப்படும் விடுதிகளிலும் ஒரு புதிய உறுப்பைக் காண முடிகிறது. சுவரைவிட்டு வெளியே தள்ளி, நடுவில் அகன்ற ஒரு முகமும் இரு பக்கங்களிலும் சாய்ந்த குறுகிய முகங்களுமாக அமைந்த சாளரம் அது. பொறியாளர்கள் அதனை ‘பே விண்டோ’ என்கிறார்கள். மலையையும் மேகத்தையும் மூன்று கோணங்களில் பார்க்கலாம் என்பது அதன் கவர்ச்சி. புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்த பிறகுதான், இதற்குத் திரை போடுவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் அவசரத்தில், கையிருப்பு தீர்ந்த நிலையில், கடைக்காரர் காட்டியதைத் தலையசைத்து ஏற்கும் முடிவாக அது முடிந்துவிடுகிறது.

இவ்வகைச் சாளரம் இங்கிலாந்தின் இல்லங்களில் பரவியதற்குப் பின்னால் ஒரு வரி வரலாறும் உண்டு. சாளரங்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வீட்டுக்கு வரி விதிக்கும் முறை அங்கு 1696-இல் தொடங்கியது. வரிக்கு அஞ்சிச் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் ஏராளம். கண்ணாடி மீதான தீர்வை 1845-இலும் சாளர வரி 1851-இலும் நீக்கப்பட்ட பின்னர், விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்க வீடுகளில் மூன்று முகச் சாளரம் பெருகியது. வெயிலுக்கு ஏங்கும் நாட்டில், கிடைக்கும் கொஞ்சம் வெளிச்சத்தையும் அறைக்குள் இழுத்துவருவதே அதன் வேலை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த நம் வீடுகளின் நோக்கம் இதற்கு நேர்எதிரானது. 19-ஆம் நூற்றாண்டில் உடல்நலம் நாடிக் குற்றாலம் வந்து தங்கிய ஐரோப்பியர்களும் இந்த நாட்டில் விரும்பிக் கட்டியது, சுற்றிலும் தாழ்வாரம் ஓடிய பங்களாக்களைத்தான்.

இங்கே சாளரம் எதிர்கொள்ள வேண்டியது வெளிச்சப் பஞ்சத்தை அல்ல, காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் இடைவெளியில் புகுந்து, விசை கூடி, செங்கோட்டை வழியாகக் கிழக்கே பாய்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாயிலில் அந்தப் பருவத்தில் நின்றவர்களுக்கு அதன் வேகத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்காசிக்குக் கிழக்கே கயத்தாறு வரை நிற்கும் காற்றாலைகளும் இந்தப் பருவக்காற்றை நம்பியே நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், திரைச்சீலை எம்மாத்திரம்?

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, தன் எதிரே உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 6 கிலோ எடைக்கு இணையான அழுத்தத்தைத் தரும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். திரை நெகிழ்ந்து கொடுப்பதால் முழு அழுத்தமும் கம்பியின் மீது இறங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால், விட்டுவிட்டு வரும் அந்த இழுப்பு, நாளுக்கு நூறு முறையாவது சுவரிலுள்ள திருகாணியை அசைத்துப் பார்க்கிறது. இதனோடு ஒப்பிட்டால் திரையின் எடை அற்பம். நடுமுகம் 5 அடி, பக்க முகங்கள் இரண்டரை அடி வீதம் மொத்தம் 10 அடி என்று கொள்வோம். கொசுவம் அழகாக விழ அகலத்தைப் போல் இருமடங்கு துணி வேண்டும். 7 அடி உயரத்துக்கு 140 சதுர அடி, அதாவது சுமார் 13 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 250 கிராம் கனமுள்ள துணியானாலும் மூன்றேகால் கிலோதான். ஆகவே, ‘எவ்வளவு கனத்தைத் தாங்கும்?’ என்று கேட்பதைவிட, ‘எதில் திருகுவீர்கள்?’ என்று கேட்பதே பயன் தரும். எடை குறைந்த காற்றூட்டிய கல்லில் கட்டிய சுவர், இந்த ஓயாத அசைப்பில் பிடியை விட்டுவிடும். சாளரத்துக்கு மேலுள்ள கான்கிரீட் உத்தரமோ, தளமோதான் நம்பகமான இடம். ஜிப்சம் பலகையால் கீழ்க்கூரை அமைத்தவர்கள், பலகைக்கு மேலே மரச்சட்டம் வைக்கச் சொல்லி முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இனி, ‘ராடு’ எனப்படும் கம்பியா, ‘டிராக்’ எனப்படும் ஓடுதடமா என்ற தேர்வுக்கு வருவோம். நேரான சாளரத்தில் இது பெரும்பாலும் ரசனை சார்ந்தது. மூன்று முகச் சாளரத்தில் அது வடிவியல் சார்ந்ததாகிவிடுகிறது. கம்பியை மூலைகளில் ஒரு தாங்கி பிடித்துக்கொண்டாக வேண்டும். வளையம் அந்தத் தாங்கியைக் கடக்க இயலாது. துணியில் துளையிட்டு உலோக வளையம் பதித்த, இன்று எங்கும் விற்கும் திரைகளுக்கும் இதே கதிதான். விளைவு, முகத்துக்கு ஒரு கம்பியாக மூன்று கம்பிகள், நான்கு முதல் ஆறு திரைகள். பகலில் திறந்து வைத்தால் அவ்வளவு துணியும் இரு மூலைகளில் குவிந்து, எந்தக் காட்சிக்காகச் சாளரம் வைத்தோமோ அதையே மறைக்கும். இரவில் மூடினாலோ, மூலை இடுக்கில் காற்று புகுந்து துணியைப் பிரித்துவிடும். தாங்கியைக் கடந்து செல்லும் வாய்திறந்த வளையங்களும் உண்டு. ஆனால் அவை எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

ஓடுதடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அலுமினியத் தடத்தை மூலையின் வளைவுக்கு ஏற்ப ஒரே துண்டாக வளைத்து, மேலிருந்து தளத்தில் பொருத்திவிடலாம். ‘ரன்னர்’ எனப்படும் சிறு உருளைகள் தடத்தின் உள்ளே ஓடுவதால் வழியில் தடை ஏதுமில்லை. இரண்டே திரைகள் போதும். திறக்கும்போது இரண்டும் சாளரத்துக்கு வெளியே, சுவரோரம் சென்று ஒதுங்கும். இரு முனைகளையும் சுவர் வரை வளைத்து முடித்தால் ஓரத்தில் காற்று நுழையும் வழியும் அடைபடும். வளைவு மென்மையாக இருப்பது முக்கியம். முழங்காலில் வைத்து மடக்கிய தடத்தில் உருளை சிக்கிக்கொள்ளும். வளைப்பதற்குரிய கருவி உள்ள பட்டறையில் செய்வதே நல்லது. கையால் வளையும் மெல்லிய பிளாஸ்டிக் தடத்தைக் கனமான திரைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பித்தளைக் குமிழ் வைத்த கம்பிதான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சாளரத்தின் வளைவைப் பின்தொடராமல், அறைச்சுவரின் நேர்கோட்டிலேயே ஒரு கம்பியைக் குறுக்காகப் போட்டுவிடலாம். சாளரத்தின் உட்குழிவு திண்ணை போல் தனித்து நிற்கும். மிகக் குறைந்த செலவில் முடிவதும் இதுவே. இரவில் அந்த இடம் அறையிலிருந்து துண்டிக்கப்படுவது மட்டுமே குறை.

விலையைப் பற்றிப் பேசும்போது ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை நினைவுக்கு வருகிறது. பழைய கார்ச் சந்தையில் வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் தரமான வண்டிக்கு உரிய விலை கிடைக்காமல், தரமற்றதே சந்தையில் நிலைத்துவிடும் என்பது அவர் வாதம். 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. திரைக்கம்பிச் சந்தையும் இப்படிப்பட்டதே. மெல்லிய இரும்புக் குழாயின் மீது பித்தளை நிறத்தில் முலாம் பூசியதும், அசல் பித்தளையும் கடை வெளிச்சத்தில் ஒன்று போலவே மின்னும். வேறுபாடு தெரிவது முதல் சாரல் பருவம் முடிந்த பிறகு. அளவுக்கு அறுத்த முனையில் முலாம் இருக்காது. ஈரக்காற்றில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. பித்தளையிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. நோபல் பரிசு பெற்ற சிக்கலுக்கு இவ்வளவு மலிவான தீர்வு வேறு சந்தைகளில் கிடைப்பது அரிது.

ஆண்டுக் கணக்கில் பார்ப்பதும் அவசியம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, கம்பிக்கு 4,000 ரூபாய், வளைத்த தடத்துக்கு 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துருவேறும் கம்பி மூன்று ஆண்டுகளும் தடம் பன்னிரண்டு ஆண்டுகளும் உழைத்தால், ஆண்டுச் செலவு முறையே 1,333, 583 ரூபாய். துருக்கறை படிந்து வீணாகும் துணியின் விலை இந்தக் கணக்கில் சேரவில்லை.

தடத்தை வளைக்கக் கொடுக்கும் முன் வரைபடத்தை நம்பி அளவு சொல்லக் கூடாது. மூலை 135 பாகை என்று வரைபடம் சொல்லும். கொத்தனாரின் கை ஓரிரு பாகை முன்பின்னாக இருக்கும். 2 பாகை பிசகினால் இரண்டரை அடி நீளத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் விலகிவிடும். பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்கி, தடம் பொருந்தப்போகும் தளத்திலேயே பிடித்து, மூலைகளைக் குறித்து அப்படியே பட்டறையில் கொடுப்பது நல்லது. கீழே சாளர மேடையில் எடுத்த அளவு மேலே பொருந்தும் என்பதற்கு, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல், உத்தரவாதம் இல்லை.

மேற்குப் பார்த்த சாளரமானால் பருத்தியை மட்டும் நம்ப வேண்டாம். ஆனி, ஆடியில் அது ஈரத்தை உறிஞ்சி, காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பாலியஸ்டர் கலந்த துணி விரைவில் உலரும். கீழ்மடிப்பில் சிறு எடைகள் வைத்துத் தைத்தால் துணி அலைவது குறையும். சாரல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் திரையைக் கொக்கியிலிருந்து கழற்றி மடித்து வைத்துவிட்டு, வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டிக்கொள்வதே என் பரிந்துரை. கிழக்குப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. காலை வெயிலுக்கு ஒரு மெல்லிய திரை போதும்.

தடத்தோடு சேர்த்து, திரையை இழுக்க வளையமாகத் தொங்கும் கயிற்றையும் சிலர் பொருத்தித் தருகிறார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சாளரத் திரைக் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்ததையடுத்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. மூன்று முகச் சாளரத்தின் மேடையோ குழந்தைகள் ஏறி அமர்ந்து மழையை வேடிக்கை பார்க்கும் இடம். கயிற்றுக்குப் பதிலாக, திரையின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய கைக்கோலைத் தொங்கவிடச் சொன்னால் கடைக்காரரே பொருத்தித் தருவார்.