கிருஷ்ணா ரெட்டி

கிருஷ்ணா ரெட்டி (1925 - 2018) சித்தூர் மாவட்டத்தில் பிறந்த அச்சோவியர், சிற்பி, கலை ஆசிரியர் ஆவார். சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் பயின்றார். 1947 முதல் 1949 வரை சென்னை கலாசேத்திராவில் ஓவியப் பிரிவை நடத்தினார். பின்னர் பாரிசில் எய்ட்டரின் "அட்லியே 17" பட்டறையில் சேர்ந்தார்.

வழக்கமான வண்ண அச்சில் நிறத்துக்கொரு தகடு தேவைப்படும். தகடு சற்று விலகினாலும் படம் கெடும். இவரும் கைக்கோ மோத்தியும் எய்ட்டரும் உருவாக்கிய பாகுநிலை அச்சுமுறைக்கு ஒரே தகடு போதும். ஆளிவிதை எண்ணெய் மிகுந்த நீர்த்த மை, அடுத்து வரும் கெட்டி மையை ஏற்காது. கடின உருளை மேட்டை மட்டும் தொடும். மென்மையான உருளை பள்ளத்தையும் எட்டும். ஆகவே தகட்டைப் பல ஆழங்களில் செதுக்க வேண்டும். சிற்பிக்கு இது கைவந்த கலையே. "நீர்ச்சுழல்" (1963) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

1972 இல் பத்மசிறீ பெற்றார். 1976 இல் நியூயார்க் சென்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அச்சோவியம் கற்பித்தார்.