சொட்டு மருந்தும் சொல்லாமல் போகும் பார்வையும்

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் இடப்புறத்தில் சிறியதாக ஒரு பெருக்கல் குறி இடுங்கள். அதற்கு நேர் வலப்புறத்தில், 7 சென்டிமீட்டர் தள்ளி, மிளகளவில் ஒரு கரும்புள்ளி வையுங்கள். இனி இடக் கண்ணை மூடிக்கொண்டு, வலக் கண்ணால் பெருக்கல் குறியை மட்டுமே பார்த்தவாறு, தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தொலைவில் அந்தப் புள்ளி மறைந்துவிடும். இன்னும் நெருங்கினால் மீண்டும் தோன்றும்.

இந்தச் சோதனையை நான் ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டி வந்தேன். விழித்திரையில் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. அதுவே குருட்டுப் புள்ளி. பதினேழாம் நூற்றாண்டில் மரியோத் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதைக் கண்டு சொன்னார். இவ்வளவும் சொல்லி மணியடித்ததும் வெளியேறி விடுவேன். ஆனால் இச்சோதனையில் மிகவும் வியப்புக்குரியது புள்ளி மறைவதன்று. புள்ளி மறைந்த இடத்தில் நீங்கள் என்ன கண்டீர்கள்? ஓட்டையைக் கண்டீர்களா? இருட்டைக் கண்டீர்களா? இல்லை, வெறும் வெள்ளைத் தாளைத்தான் கண்டீர்கள். கண் தராத செய்தியை மூளை தானே இட்டு நிரப்பிவிட்டது. இதைப் பற்றி ஆசிரியராக இருந்த நாளில் நான் போதுமான அளவு சிந்திக்கவில்லை. ஓய்வு பெற்ற பின்னர் சிந்திக்க வேண்டியதாயிற்று.

படிப்பதற்குப் புதுக் கண்ணாடி வாங்கலாமென்று கண் மருத்துவரிடம் சென்றிருந்தேன். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்த அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தைப் பொருத்தி, நடுவிலுள்ள விளக்கையே நோக்கியிருக்கச் சொன்னார். சுற்றிலும் எங்கேனும் சிறு ஒளி மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை அது. தேர்வில் நன்றாக எழுதிய மாணவனைப் போல் எழுந்து வந்தேன். அவர் காட்டிய தாளில் என் இடக் கண்ணின் மேற்பகுதி, மூக்கை ஒட்டிய பக்கம், கருமையாக அச்சாகியிருந்தது. அங்கே மின்னிய ஒளிகளில் ஒன்றைக்கூட நான் காணவில்லை. நோயின் பெயர் கிளாக்கோமா. தமிழில் கண்ணழுத்த நோய் என்கிறோம்.

இந்நோயை விளங்கிக்கொள்ள ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கு வரத்துக்கால் உண்டு. மிகுந்த நீர் வெளியேறக் கலிங்கும் உண்டு. வரவும் போக்கும் ஒத்திருக்கும்வரை கரைக்கு அபாயமில்லை. நம் கண்ணின் முற்பகுதியிலும் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணீர் வெளியே வழிவது, இது உள்ளே ஓடுவது. ஒரு நாள் முழுவதும் சுரப்பது ஒரு தேக்கரண்டி நிறையாது. ஆயினும் கண்ணின் வடிவைக் காப்பதும், இரத்தக் குழாய் இல்லாத உறுப்புகளுக்கு உணவு ஊட்டுவதும் இந்நீரே. கருவிழியின் விளிம்பில் சல்லடை போன்ற ஒரு திசு இருக்கிறது. அதன் வழியே இந்நீர் வடிந்து இரத்தத்தில் கலந்துவிடும். வயது ஏற ஏற, சிலருக்கு அச்சல்லடை தூர்ந்துபோகிறது. வரத்து குறையாது, போக்குக் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஏரியாயின் கரை உடையும். கண்ணில் நைந்துபோவது பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பு. ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிழைகள் சேர்ந்த அந்த நரம்பில், இழைகள் சிறிது சிறிதாகப் பட்டுப்போகின்றன. பட்டுப்போன இழை மறுபடி துளிர்ப்பதில்லை.

இயல்பான கண்ணழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை என்பர். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடலாகாது. அழுத்தம் இந்த வரம்புக்குள் இருக்கும்போதே நரம்பு நைந்துபோவாரும் உண்டு. ஆகவே அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. நரம்பையும் பார்க்க வேண்டும். இன்னொரு வகையில், வடிகால் திடீரென்று முற்றும் அடைபடும். அப்போது கண்ணில் கடும் வலி, செவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி ஆகியவை தோன்றும். அதற்கு அன்றே மருத்துவம் வேண்டும். நான் இங்கே பேசுவது வலியின்றி வரும் வகையைப் பற்றி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, இவ்வகை நோய் கண்டிருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதை அறியாமலே இருந்தனர். ‘கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா’ என்று கேலி பேசுவோம். இங்கோ கண் கெடுவதே தெரிவதில்லை.

இதற்குச் சொட்டு மருந்து கண்ட வரலாறு சுவையானது. மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்னும் பகுதியில் ஒரு நச்சு அவரை விளைகிறது. குற்றம் சாட்டப்பட்டவனை அந்த விதையைத் தின்னச் செய்து, பிழைத்தால் நிரபராதி என்று அங்கே தீர்ப்பளித்து வந்தார்கள். அவ்விதையின் சத்தை, 1876-இல் லுட்விக் லாக்கர் என்னும் கண் மருத்துவப் பேராசிரியர் இந்நோய்க்கு மருந்தாக்கினார். அவரே கிளாக்கோமா நோயாளி என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்துத் தென் அமெரிக்க இலையொன்றிலிருந்து எடுத்த பைலோகார்ப்பின் வந்தது. மருந்தால் அடங்காதபோது கத்தியைத் தேடினர். சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த எலியட் என்பவர், 1909-இல், கருவிழி ஓரத்தில் நுண்ணிய துளையிட்டு நீரை வடிக்கும் முறையை வகுத்தார். உலகெங்கும் அது பரவியது. புதிய கலிங்கு வெட்டும் வேலைதான் அது. இன்று லேசர் ஒளியும் உதவுகிறது. சிலருக்கு அதையே முதலில் செய்கிறார்கள். எனினும் பெரும்பாலோர் கையில் இருப்பது சொட்டு மருந்துப் புட்டியே.

அம்மருந்துகள் இரண்டு வேலைகளில் ஒன்றையோ, இரண்டையுமோ செய்கின்றன. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைமலால் வரத்தைக் குறைக்கிறது. 1996-இல் வந்த லட்டனோபிராஸ்ட் போக்கைப் பெருக்குகிறது. அதுவும் அடைபட்ட கலிங்கைத் திறப்பதைவிட, கரை மண்ணினூடே நீர் கசிவதுபோல் வேறு வழியில் வடியச் செய்கிறது. இதைப் பெரும்பாலும் இரவில் ஒரு முறை விட்டால் போதும். இதனால் இமை மயிர் நீண்டு வளர்வதும், கண்ணைச் சுற்றித் தோல் கறுப்பதும் உண்டு. எந்த மருந்தும் இழந்த பார்வையைத் திருப்பித் தராது. இருப்பதைக் காக்கும், அவ்வளவே.

அந்த ‘அவ்வளவே’ என்ற சொல்லில்தான் நான் தவறினேன். வயிற்றுவலிக்கு மருந்துண்டால் வலி தீர்கிறது. மருந்தின் மீது நம்பிக்கை பிறக்கிறது. இந்தச் சொட்டு மருந்து விட்டாலும் பார்வை அப்படியே, விடாவிட்டாலும் அப்படியே. விட்டால் எரிச்சல் வேறு. புட்டி தீர்ந்த ஒரு மாதம், உறவினர் திருமணத்தை முன்னிட்டு வாங்காமல் விட்டேன். ஒன்றும் நேரவில்லை. அந்த ஒரு மாதம் ஏழு மாதமாயிற்று. மறுபடி சோதித்தபோது தாளில் கருமை விரிந்திருந்தது. மாணவன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து சொல்லும் சாக்குகளையெல்லாம் நான் மருத்துவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மருந்து உண்மையில் பயன் தருகிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இங்கிலாந்தில் 516 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு லட்டனோபிராஸ்டும் மற்றவர்க்கு மருந்தில்லாத வெறும் சொட்டும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2015-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டுகளில் வெறும் சொட்டு விட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்குப் பார்வைப் பரப்பு மேலும் சுருங்கியது; மருந்து விட்டவர்களில் 15 பேருக்கு. இவ்வெண்களைக் கவனித்துப் படியுங்கள். மருந்து விட்டும் சிலர் இழந்தனர். விடாமலும் பலர் அந்த இரண்டாண்டில் தப்பினர். தனி ஒருவர் தம் அனுபவத்தை மட்டும் வைத்து இந்த மருந்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஏழு மாதம் நான் செய்தது அந்தத் தவறான எடைபோடுதலே.

பிறகு மருத்துவர், “மருந்து விடுவதைச் செய்து காட்டுங்கள், ஐயா” என்றார். ஆசிரியப் பயிற்சியில் நான் முதலில் கற்ற பாடமே அது: சொன்னதைப் புரிந்துகொண்டாயா என்று கேட்காதே, செய்யச் சொல்லிப் பார். நான் செய்து காட்டினேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, இரண்டாவது இமைமேல், மூன்றாவது கண்ணில். புட்டியின் முனை இமையைத் தொட்டும்விட்டது. அதனால் மருந்தில் கிருமி சேரும்.

சரியான முறை இது. கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். தலையைப் பின்னே சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்தால் ஒரு சிறு பை உண்டாகும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண் கொள்ளும் அளவைவிட ஒரு சொட்டே சற்று மிகுதி. இரண்டாவது வீணே வழியும். பிறகு கண்ணைச் சிமிட்டாமல் மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். இந்த அழுத்தம் எதற்கு? அழும்போது மூக்கிலும் நீர் வடிகிறதன்றோ? கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு வழி உண்டு. மருந்தும் அவ்வழியே இறங்கும். தொண்டையில் கசப்பதும் அதனால்தான். இறங்கிய மருந்து இரத்தத்தில் கலக்கிறது. டைமலால் அப்படிக் கலந்தால் நாடித் துடிப்பு மந்தமாகலாம். ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சுத் திணறலாம். ஆகவே ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பின் கண் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லையேல் பின்னது முன்னதை அடித்துச் சென்றுவிடும். திறந்த புட்டியைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது.

இவையெல்லாம் புட்டியோடு வரும் தாளில் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன, ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், கண் தெரியாதவர் படிப்பதற்காக! எங்கள் வீட்டில் அதை எனக்குப் படித்துச் சொன்னவள் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி. இரவு ஒன்பது மணிக்கு அவளே மருந்து விடுகிறாள். கண்முனையில் விரல் வைத்து 120 வரை எண்ணச் சொல்கிறாள். நாள்காட்டியில் அன்றைய தேதியின் மேல் ஒரு கோடும் போடுகிறாள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இம்மருந்து விடுபவராயின், அவர் விடும்போது ஒரு முறை அருகில் நின்று பாருங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கண் சிவந்தால் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவற்றை நாட்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறி, இளம் வயதிலேயே இதே நோய் வரும். மருத்துவர் எழுதித் தராத மருந்தை, நண்பனுக்குக் குணமாயிற்று என்பதற்காக நீங்கள் விட்டுக்கொள்ளலாகாது.

இந்நோய் குடும்பத்தில் தொடர்வது. உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிட அபாயம் அதிகம். இதை மருத்துவர் சொன்ன பிறகு என் தம்பியை வற்புறுத்திச் சோதனைக்கு அனுப்பினேன். பார்வைப் பரப்பில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நரம்பில் நோயின் அடையாளம் தெரிந்தது. மருந்து தொடங்கினார்கள். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது அவன் சலித்துக்கொண்டான். “எரிகிறது அண்ணா. விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது” என்றான். நான் வாதாடவில்லை. பேத்தியை அழைத்து நாள்காட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். பிறகு தம்பியிடம் புட்டியைக் கொடுத்து, “எப்படி விடுகிறாய், செய்து காட்டு பார்ப்போம்” என்றேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.