ஏஜன்சியும் முகவரும்

'ஏஜன்சி' என்ற சொல்லுக்கு எமக்கு அகராதி தேவையில்லை. கொழும்பு விடுதி அறைகளில் பயணப்பையோடு காத்திருந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். 1998இல் நான் கனடாவுக்கென்று காசு கட்டினேன், வந்திறங்கியது டென்மார்க்கில். இந்த நாட்டை நான் தெரிவு செய்யவில்லை. அந்த மாதம் எந்தப் பாதை திறந்திருந்தது, எந்தப் பாதையில் ஏஜன்சிக்காரனுக்குச் செலவு குறைவு என்ற கணக்குத்தான் தெரிவு செய்தது. இருந்தும் இன்று ஒரு டெனிஷ்காரர் "ஏன் டென்மார்க்?" என்று கேட்டால், நானே தெரிவு செய்தவன்போல, "இங்கு வாழ்க்கை அமைதி" என்று பதில் சொல்கிறேன்.

இந்தப் பழைய விஷயத்தைக் கிளறிவிட்டது ஒரு விளையாட்டு ஒப்பந்தம். ஊரில் பொருளியல் விரிவுரையாளராக இருந்தவன் என்பதால், தொழிற்சாலையில் எம்மவரின் வரிக் கடிதம் முதல் வாடகைப் பத்திரம் வரை எல்லாம் எனது இடைவேளைக்குத்தான் வந்து சேரும். சென்ற மாதம் என்னோடு இரவு வேலை செய்யும் ஒருவர் சில தாள்களைக் கொண்டுவந்தார். "மாஸ்ரர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பொடியனுக்கு ஒரு முகவர் கிடைச்சிருக்கிறார்." மகனுக்குப் பதினாறு வயது. நல்ல உதைபந்தாட்டக்காரன். வேறொரு நகரத்துக் கழகத்துக்கு அவனைக் கொண்டுபோவதாக முகவர் சொல்லியிருக்கிறார்.

ஓர் ஆட்டக்காரர் எங்கே ஆடுவது என்பதை முகவர் எவ்வாறு தீர்மானிக்கிறார்? கட்டாயப்படுத்தி அல்ல. மூன்று வழிகளில்.

முதலாவது, தகவல். எந்தக் கழகம் விசாரித்தது, எவ்வளவு தருவதாகச் சொன்னது என்பது முகவரின் தொலைபேசிக்குத்தான் வருகிறது. ஐந்து வாய்ப்புகளில் இரண்டை மட்டும் மேசையில் வைத்தால், ஆட்டக்காரர் அந்த இரண்டுக்குள் 'சுதந்திரமாக'த் தெரிவு செய்வார். இரண்டாவது, கூலி. முகவருக்குப் பணம் பெரும்பாலும் ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போது வருகிறது. ஆட்டக்காரர் அசைந்தால் வருமானம், இருந்த இடத்தில் இருந்தால் ஒன்றுமில்லை. அந்தக் கூலியைப் பல வேளைகளில் கழகமே கொடுக்கிறது. அப்போது முகவர் யாருடைய ஆள்? மூன்றாவது, உறவு. ஒரு பொடியன் ஒருமுறைதான் கழகம் மாறுவான். முகவரோ அதே கழகத்துக்கு அடுத்த ஆண்டும் ஆட்டக்காரரைக் கொண்டுபோக வேண்டும். எனவே யாரைப் பகைக்காமல் இருப்பது நல்லது என்று அவருக்குத் தெரியும். பொருளியலில் இதை முதல்வர்-முகவர் பிரச்சினை என்று படிப்பித்தேன். ஏஜன்சிக்காரனிடம் காசு கட்டிய பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

இந்த அதிகாரம் வளர்ந்ததற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. முன்பு ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரை விடுவதற்குக் கழகம் விலை கேட்கலாம். பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஆடிய ஜோன்-மார்க் பொஸ்மன் இதை எதிர்த்து வழக்காடினார். 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலையின்றிப் போகலாம் என்றானது. கழகங்களுக்கிடையே கைமாறிய பணத்தில் ஒரு பகுதி ஆட்டக்காரரின் சம்பளத்துக்கும் முகவரின் கூலிக்கும் திரும்பியது.

அடுத்த தீர்ப்பு கைப்பந்தாட்டத்திலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஆடிய ஸ்லோவாக்கிய கோல்காப்பாளர் மரோஷ் கொல்பாக், தன்னை வெளிநாட்டவர் எண்ணிக்கைக்குள் அடக்கியதை எதிர்த்தார். 2003 மே மாதம் வென்றார். ஒன்றியத்தோடு உடன்படிக்கை கொண்ட நாடுகளின் பிரசைகள், சட்டப்படி வேலை செய்பவர்களாயின், பாகுபாடின்றி நடத்தப்பட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த ஓட்டையினூடாகத் தென்னாபிரிக்கத் துடுப்பாட்ட வீரர்கள் பலர் இங்கிலாந்துக் கவுண்டி அணிகளுக்குப் போனார்கள். 2020இன் முடிவில் பிரித்தானியாவின் விலகலோடு அந்த வழி அடைபட்டது. எந்தக் கதவு எப்போது திறக்கிறது என்பதை அறிந்திருப்பதுதான் முகவரின் மூலதனம். எமது ஏஜன்சிக்காரனின் மூலதனமும் அதுதானே!

எமது கோல்டிங் நகரமே இதற்கொரு பாடம். டென்மார்க்கின் கைப்பந்துச் சம்பியன் பட்டத்தை 14 தடவை வென்ற கே.ஐ.எஃப். கோல்டிங் இங்குள்ள கழகம். 2010இல் கொப்பன்ஹேகனில் நகை வணிகர் யெஸ்பர் நீல்சன், ஏ.ஜி. கொப்பன்ஹேகன் என்ற அணியை உருவாக்கினார். மிக்கெல் ஹான்சன் பார்சிலோனாவிலிருந்து வந்தார். ஐஸ்லாந்தின் ஓலாவுர் ஸ்டெபான்சன் ஜெர்மனியின் ரைன்-நெக்கார் லோவன் கழகத்திலிருந்து வந்தார். அந்தக் கழகத்திலும் நீல்சனின் பணம் இருந்தது. இரு கரையிலும் ஒரே கை இருக்கும்போது, கடந்து வருபவரின் தெரிவு எவ்வளவு? 2011 மே மாதம் பார்க்கன் அரங்கில் 36,651 பேர் அவர்களது ஆட்டத்தைப் பார்த்தார்கள். 2012 ஜூலை இறுதியில் அணி வங்குரோத்து. அந்தக் கோடையிலேயே ஹான்சன் பாரிசுக்குப் போனார். கோல்காப்பாளர் கஸ்பர் ஹ்வீட் போன்றோர் கே.ஐ.எஃப். கோல்டிங் கொப்பன்ஹேகன் என்று பெயர் நீண்ட எமது கழகத்துக்கு வந்தார்கள். அந்தப் பெயரில் 2014, 2015ஆம் ஆண்டுகளில் சம்பியனாகி, 2018இல் மீண்டும் வெறும் கோல்டிங்காகியது.

முகவர்களை வெறும் தரகர்களென்று ஒதுக்க நான் தயாரில்லை. அணி வங்குரோத்தாகும்போது, மற்றக் கழகங்களின் கதவைத் தட்டத் தெரிந்தவர் கூட இருப்பது சிறிய உதவியல்ல. முகவர் இல்லாத காலத்தில் கழக முதலாளி சொன்னதே சம்பளம். ஏஜன்சிக்காரன் இல்லாவிட்டால் நாமும் இங்கில்லை. கேள்வி முகவர் வேண்டுமா என்பதல்ல. அவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதே.

பீபா இதை ஒழுங்குபடுத்த முயன்று தடுமாறுகிறது. 2015இல் முகவர் அனுமதிப்பத்திர முறையைக் கைவிட்டது. 2023இல் பரீட்சையோடு மீண்டும் கொண்டுவந்தது. ஆட்டக்காரரின் முகவருக்கு, ஆண்டுச் சம்பளம் இரண்டு இலட்சம் டொலர் வரை 5 வீதம், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 3 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. முகவர்கள் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். டோர்ட்முண்ட் நீதிமன்றத்தின் தடையையடுத்து, 2023 டிசம்பரில் அந்த உச்சவரம்பை உலகெங்கும் பீபா இடைநிறுத்தியது. அந்த ஆண்டு நாடு கடந்த மாற்றங்களில் முகவர்களுக்குப் போனது 88 கோடி டொலருக்கு மேல் என்பது பீபாவின் சொந்தக் கணக்கு.

ஆனால் அதே விதிகளில், ஆட்டக்காரருடனான முகவர் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, தானாகப் புதுப்பிக்கப்படக்கூடாது என்றும் இருக்கிறது. நண்பர் தந்த தாளின் மூன்றாம் பக்கத்தில், "மறுத்து எழுதாவிடின் தானாகத் தொடரும்" என்ற வரி இருந்தது. அதைக் காட்டினேன். மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். உமது அனுமதி இலக்கம் என்ன? அந்தக் கழகத்திடமிருந்து உமக்குப் பணம் வருகிறதா? வேறு எந்தக் கழகங்களோடு பேசினீர், அவை என்ன சொல்லின?

நண்பருக்கு முகம் கறுத்துவிட்டது. "மாஸ்ரர், நீங்கள் எல்லாத்தையும் சந்தேகிப்பியள். பொடியன்ரை வாழ்க்கை." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சந்தேகிப்பது எனக்கு இலவசம். வாய்ப்புத் தவறினால் இழப்பது அவருடைய பிள்ளை. ஆனாலும் கேள்விகளை முகவருக்கு அனுப்பினார். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் அன்றே பதில் வந்தது. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை.

தாள் இன்னும் கைச்சாத்திடப்படாமல் அவருடைய பெட்டகத்தில் இருக்கிறது. நேற்று இடைவேளையில் பொடியனே தொலைபேசியில் என்னைக் கேட்டான்: "அங்கிள், நான் எங்கே விளையாட விரும்புகிறேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே?"

1998இல் நானும் அதைக் கேட்டிருக்கலாம். "எங்கே விரும்புகிறாய்?" என்றேன். கோல்டிங்கிலேயே இன்னும் ஓர் ஆண்டு என்றான்.